அழ வைக்கும் படம் எப்படி வேலை செய்கிறது?

பார்த்ததிலேயே அதிகம் அழ வைத்த படம் எது என்று பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். படத்தின் பெயரைச் சொன்ன கையோடு ஒரு காட்சியையும் சொல்வார்கள். அந்தக் காட்சியில் பெரும்பாலும் யாரும் சாவதில்லை. ஒரு கிழவர் நீட்டிய கையைச் சட்டென்று திருப்பிக்கொள்வார். ஒரு சிறுவன் அப்பாவின் விரல்களைப் பிடிப்பான். காலியான மிட்டாய் டப்பாவில் தண்ணீர் ஊற்றிக் குலுக்குவார்கள். கிளம்பப்போகும் ரயிலின் ஜன்னலருகே ஒருவன் குரங்கு வித்தை காட்டுவான். இதே ஆட்கள், ஆயிரம் பேர் மடியும் போர்ப் படத்தைப் பாப்கார்ன் கொறித்துக்கொண்டே பார்த்திருப்பார்கள்.

சாவு வேறு, சோகம் வேறு. இது பிடிபட்டால் அழ வைக்கும் படங்களின் சூட்சுமத்தில் பாதி விளங்கிவிடும். மீதி நேரக் கணக்கு: எதை எப்போது காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது, முதலில் யார் அழுவது.

அழுகைக்கு நான்கு வாசல்

தமிழில் இதற்குப் பழைய வரைபடம் ஒன்று இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில், ஒன்றான அழுகைக்கு நான்கு காரணங்களை அடுக்குகிறது: ‘இளிவே இழவே அசைவே வறுமை’. இளிவு என்றால் பிறர் முன் சிறுமைப்படுவது. இழவு, உறவையோ உடைமையையோ இழப்பது. அசைவு, இருந்த நிலை கெட்டு வேறாகி நிற்பது. வறுமை நமக்குத் தெரிந்த வறுமைதான். கூடவே, ஆசைப்பட்டதை அனுபவிக்க முடியாத ஏக்கத்தையும் உரைகாரர் சேர்த்துக்கொள்கிறார். செய்யுளுக்கு வகுத்தது சினிமாவுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. நான்கில் இழவு ஒன்றுதான் நேராகச் சாவைத் தொடுகிறது.

இளிவுக்கு விட்டோரியோ டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ (1948) போதும். போர் முடிந்த ரோம் நகரம். சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைத்த ஒருவனின் சைக்கிள் திருட்டுப்போகிறது. சைக்கிள் இல்லையென்றால் வேலையும் இல்லை. மகனைக் கூட்டிக்கொண்டு ஊரெல்லாம் தேடியவன், கடைசியில் தானே ஒரு சைக்கிளைத் திருடப் போய் மாட்டிக்கொள்கிறான். கூட்டம் அவனை அறைவதைப் பையன் பார்க்கிறான். பையனைப் பார்த்துவிட்டு சைக்கிள்காரர் ‘போகட்டும்’ என்று விட்டுவிடுகிறார். அவனை ஜெயிலுக்கு அனுப்பியிருந்தால் நமக்குக் கோபம் வந்திருக்கும். கோபம் வந்த இடத்தில் கண்ணீர் வராது. மகன் கண்ணெதிரே கிடைத்த அந்த மன்னிப்புதான் ஆளை உடைக்கிறது. பிறகு பையன் அப்பாவின் கையைப் பிடிக்கிறான்.

அசைவுக்கும் அதே இயக்குநரே உதாரணம். ‘உம்பர்டோ டி’ (1952) படத்தின் கிழவர் ஓய்வூதியம் போதாமல் தெருவில் பிச்சை கேட்கப் பழகிப் பார்க்கிறார். கையை நீட்டுகிறார். யாரோ காசு போட வரும் அந்த நொடியில், மழை பெய்கிறதா என்று பார்ப்பவர்போல உள்ளங்கையைக் கவிழ்த்துவிடுகிறார். வசனம் கிடையாது. அவர் முன்பு எப்படி வாழ்ந்தவர், இப்போது எங்கே நிற்கிறார் என்பதை ஒரு கை சொல்லிவிடுகிறது.

முதலில் கணக்குத் தொடங்க வேண்டும்

பார்ப்பவர் மனதில் ஒரு கணக்கைத் தொடங்கி, அதில் சின்னச் சின்னதாகப் போட்டுவைத்துக்கொண்டே வந்து, ஒரு நாள் மொத்தமாக எடுப்பதுதான் நல்ல சோகப் படத்தின் வேலை. போடாத கணக்கிலிருந்து எடுக்க முடியாது. முதல் பத்து நிமிடத்தில் அறிமுகமாகிப் பன்னிரண்டாம் நிமிடத்தில் செத்துப்போகும் அண்ணனுக்காக யாரும் அழாததற்குக் காரணம் இதுவே.

போட்டுவைப்பதற்கு ஏற்றவை பொருட்களும் பழக்கங்களும். பிக்ஸாரின் ‘அப்’ (2009) படத்தில் கார்ல், எல்லி தம்பதியின் மொத்த மண வாழ்க்கையும் வசனமே இல்லாமல் நான்கு நிமிடச் சொச்சத்தில் ஓடிவிடுகிறது. அந்த நான்கு நிமிடத்தைப் பிரித்துப் பாருங்கள். பயணத்துக்காக உண்டியலில் காசு சேர்க்கிறார்கள்; ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு செலவு வந்து அதை உடைக்க வேண்டியிருக்கிறது. எல்லி தினமும் கணவனுக்கு டை கட்டிவிடுகிறாள். டைகள் மாறுகின்றன, முகங்கள் முதிர்கின்றன. இளம் வயதில் குன்றின்மேல் முதலில் ஓடி ஏறுபவள் அவள். பின்னாளில் அதே குன்றில் பாதி ஏறுகையில் அவள் தடுமாறி விழும்போது, மருத்துவர் வருவதற்கு முன்பே நமக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. மைக்கேல் ஜியாக்கினோவின் இசையும் இதே வழிதான்: துள்ளலான வால்ட்ஸ் மெட்டாகத் தொடங்கியது, கடைசியில் வேகம் குறைந்து ஒற்றைப் பியானோவாகத் தேய்கிறது. மெட்டு ஒன்றே, வேகமும் வாத்தியமும் மட்டும் வேறு. புதிதாக ஒரு சோக மெட்டைப் போட்டிருந்தால் இதில் பாதிகூடத் தைக்காது.

இதையே இன்னும் இரக்கமில்லாமல் செய்கிறது இசாவோ தகஹாதாவின் ‘க்ரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’ (1988). போர்க்காலத்தில் தாயை இழந்த அண்ணனும் தங்கையும். தங்கைக்குப் பிடித்த பழ மிட்டாய்களின் தகர டப்பா படம் நெடுக வருகிறது. மிட்டாய் தீர்ந்ததும் உள்ளே தண்ணீர் விட்டுக் குலுக்கி, ஒட்டியிருக்கும் இனிப்பைக் குடிக்கிறார்கள். பிறகு பசி மயக்கத்தில் குழந்தை கோலிக்குண்டை மிட்டாய் என்று வாயில் போட்டுச் சப்புகிறாள். கடைசியில் அந்த டப்பாவுக்குள் இருப்பது அவளுடைய சாம்பல். வறுமை என்ற வாசல் வழியாக நுழைந்து இழவில் கொண்டுபோய் விடும் படம். இத்தனைக்கும் அண்ணன் இறந்துவிட்டான் என்பதை முதல் காட்சியிலேயே அவன் குரலிலேயே சொல்லிவிடுகிறார்கள். முடிவு தெரிந்தால் சுவாரஸ்யம் போய்விடும் என்பது துப்பறியும் கதைக்குத்தான் சரி. சோகக் கதையில் முடிவு தெரிந்திருப்பது, நடுவில் வரும் ஒவ்வொரு சிரிப்பையும் கனமாக்குகிறது.

நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது

இதிலிருந்து பிறப்பது அடுத்த உத்தி. திரைக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கு உண்மை தெரிகிறது, அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியவில்லை, சொல்லவும் வழியில்லை. கையைக் கட்டிப்போட்ட இந்த நிலைதான் தொண்டையை அடைக்கிறது.

பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ (1982) முடிவு இதற்குப் பாடநூல் உதாரணம். நினைவு தவறிக் குழந்தையாகிவிட்ட பெண்ணைத் தாயைப்போலப் பார்த்துக்கொண்டவன் சீனு. அவளுக்குப் பழைய நினைவு திரும்புகிறது. நடுவில் அவனோடு கழிந்த காலம் அழிந்துபோகிறது. ரயில் ஜன்னலில் அவள் உட்கார்ந்திருக்க, அவளுக்குப் பிடித்த வேடிக்கைகளையெல்லாம் அவன் பிளாட்பாரத்தில் செய்து காட்டுகிறான். அவள் கண்ணுக்கு அவன் யாரோ ஒரு பைத்தியக்காரன். அவள் குணமானது நல்ல செய்தி என்பதையும் மறக்கக் கூடாது. குற்றவாளி என்று கைகாட்ட ஆளே இல்லாத சோகம் இது. வில்லன் ஒருவன் இருந்திருந்தால் வருத்தம் வெறுப்பாகத் திரிந்து வடிந்திருக்கும்.

‘ஹாச்சி’ (2009) படத்து நாய்க்கும் இதே கணக்குத்தான். நிஜ ஹாச்சிகோவின் எஜமானர், பேராசிரியர் ஹிதேசபுரோ உவேனோ, 1925 மே மாதம் வேலைக்குப் போன இடத்தில் இறந்தார். 1935 மார்ச்சில் தான் சாகும்வரை அந்த நாய் ஷிபுயா ரயில் நிலையத்தில் அவருக்காகக் காத்திருந்தது. நாய்க்கு எடுத்துச் சொல்ல மொழி இல்லை, அவ்வளவுதான் கதை.

அழுபவரைவிட அடக்குபவர்

நடிகர் அழுதால் பார்ப்பவர் அழ வேண்டியதில்லை. நமக்காக அவரே அழுது முடித்துவிடுகிறார். அவர் அடக்கினால் அந்த அழுகை நம் தலையில் வந்து விழுகிறது. யசுஜிரோ ஓஸுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953) படத்தில் மனைவி இறந்த விடியலில் கிழவர் வெளியே நின்றுகொண்டிருக்கிறார். தேடிவந்த மருமகளிடம் அவர் சொல்வது, விடியல் அழகாக இருந்தது, இன்றைக்கும் வெயில் கொளுத்தும் என்பது மட்டும்தான்.

அழுதே தீர வேண்டிய இடம் வந்தால்? சத்யஜித் ராய் ‘பதேர் பாஞ்சாலி’யில் (1955) அதற்கொரு வழி கண்டார். ஊரிலிருந்து திரும்பும் தகப்பன், மகள் துர்கா இறந்தது தெரியாமல், அவளுக்கு வாங்கிவந்த புடவையை எடுத்துக் காட்டுகிறான். அதுவரை இறுகிக் கிடந்த தாய் அந்தப் புடவையைக் கடித்துக்கொண்டு உடைகிறாள். அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் தார் ஷெனாய் என்ற வாத்தியம் உச்ச ஸ்தாயியில் கதறுகிறது. நிஜ அலறல் என்றால் காதைப் பொத்தத் தோன்றும். வாத்தியம் என்பதால் கேட்டே ஆக வேண்டியிருக்கிறது.

அடக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. நல்லது நடக்கும்போது வரும் கண்ணீர் அது. ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ (1993), நாஜிகளிடமிருந்து யூதர்களைக் காப்பாற்றிய ஷிண்ட்லர் என்ற தொழிலதிபரைப் பற்றிய மூன்றேகால் மணி நேரப் படம். அதில் வரும் கொடுமைகளின் முன் பலரும் கல்லாக இறுகிப்போய் உட்கார்ந்திருப்பார்கள். காப்பாற்றப்பட்டவர்கள் மோதிரத்தை நன்றியாகக் கொடுத்ததும், இன்னும் சிலரைக் காப்பாற்றியிருக்கலாமே என்று ஷிண்ட்லர் நொறுங்கும் இடத்தில்தான் அந்தக் கல் உருகும். உடல் பயந்து விறைத்திருக்கும்போது கண்ணீர் வெளிவருவது கடினம். விறைப்பு தளரும் நொடியில் வரும். அதனால்தான் தேர்ந்த இயக்குநர்கள் உச்சக் கொடுமைக்கு அடுத்த அமைதியில் அழ வைக்கிறார்கள்.

மூன்று நிமிடக் குறுக்குவழி

இவ்வளவு ஏற்பாடும் இல்லாமலே கண்ணீர் வரவைக்க முடியுமா என்றால், முடியும். ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1995இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குறிப்பிட்ட ஓர் உணர்ச்சியை மட்டும் கிளப்பக்கூடிய திரைக்காட்சிகள் எவை என்று, 250க்கும் மேற்பட்ட படங்களைச் சலித்து, தேர்ந்த துண்டுகளை 494 பேருக்குக் காட்டிப் பார்த்தார்கள். சோகத்துக்குத் தேறியவற்றில் ஒன்று, 1979இல் வந்த ‘தி சாம்ப்’ படத்தின் முடிவு: குத்துச்சண்டை வீரரான அப்பா இறந்து கிடக்க, சிறுவன் ‘எழுந்திரு’ என்று கெஞ்சி அழும் சுமார் மூன்று நிமிடம். அந்தத் துண்டு அதன்பிறகு எத்தனையோ ஆய்வுக்கூடங்களில் சோகம் ஊட்டும் மருந்துபோலவே பயன்பட்டது. அதோடு சேர்ந்து தேறிய இன்னொன்று ‘பாம்பி’யில் தாய் மான் சாகும் இடம்.

குழந்தையின் அழுகுரல் கதை கேட்காமலே நம்மைத் தொடுகிறது. கேவலமான படங்களும் இதை நம்பித்தான் பிழைக்கின்றன. ஆனால் குறுக்குவழியில் வந்த கண்ணீர் விளக்குப் போட்டதும் காய்ந்துவிடும். கணக்குப் போட்டு எடுத்தது நாலு நாள் கழித்துச் சாப்பிடும்போது வந்து நிற்கும். ஒரு படம் நல்ல சோகப் படமா என்று பார்க்க இதைவிட எளிய சோதனை தெரியவில்லை.

உடம்பில் நடப்பது சுருக்கமாக. கண்ணீர்ச் சுரப்பி ஒவ்வொரு கண்ணுக்கும் மேலே, வெளிப்புற ஓரத்தில் இருக்கிறது. சுரந்த நீர் மூக்கோரத்துச் சிறு துளைகள் வழியாக மூக்குக்குள் வடிகிறது. அழுதால் மூக்கு ஒழுகுவது இதனால். அளவு மீறும்போதுதான் கன்னத்தில் இறங்கும். தொண்டையில் கட்டி அடைத்ததுபோல இருப்பதற்குக் காரணம், மூச்சுக்காகத் தொண்டை விரிந்து நிற்க முயலும்போது நாம் எச்சில் விழுங்கி அதை மூடப் பார்ப்பது. விழுங்காமல் மெதுவாக மூச்சை வெளியே விட்டால் அது இளகும்.

தொடர்களுக்கு உள்ள வசதி

இரண்டு மணி நேரத்தில் ஒரு படம் போட்டுவைப்பதை, தொலைக்காட்சித் தொடர் ஆண்டுக்கணக்கில் போட்டுவைக்கிறது. பாத்திரங்கள் வீட்டு ஆட்களாகிவிடுகிறார்கள். கொரியப் போரில் ஒரு ராணுவ மருத்துவமனையைப் பற்றிய அமெரிக்கத் தொடர் ‘மேஷ்’. போர் நடந்தது மூன்றாண்டு. தொடர் ஓடியது 1972 முதல் 1983 வரை. அதன் கடைசிப் பகுதியைப் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். ஆனால் அதைவிட ஆழமாகக் குத்தியது 1975இல் வந்த ஒரு பகுதி. எல்லோருக்கும் பிடித்த கர்னல் ஹென்றி பிளேக் விடைபெற்று ஊருக்குக் கிளம்புகிறார். அது நகைச்சுவைத் தொடர், சிரிப்போடு வழியனுப்பியாயிற்று. கடைசி நிமிடத்தில் அறுவை அரங்குக்குள் வந்த ஒருவர், அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, யாரும் தப்பவில்லை என்று படிக்கிறார். நடிகர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் காட்சி எடுக்கும்வரை இது சொல்லப்படவில்லை. மருத்துவர்கள் யாரும் வேலையை நிறுத்துவதில்லை. முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிகின்றன.

‘பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்’ தொடரில் 2001இல் வந்த ஒரு பகுதியும் படிக்க வேண்டியது. பேய்களோடு சண்டை போடும் நாயகியின் அம்மா, பேயால் சாகாமல், சாதாரண நோயால் சோபாவில் இறந்து கிடக்கிறாள். அந்தப் பகுதி முழுவதும் பின்னணி இசையே கிடையாது. எங்கே அழ வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லித்தராத வீட்டுச் சாவின் மந்தநிலை அதில் அப்படியே இருக்கிறது.

குழந்தைகளுக்கான ‘செசமி ஸ்ட்ரீட்’ இதில் எதிர்பாராத பெயர். கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்தார். வேறு ஆளைப் போடாமல், ஊரைவிட்டுப் போய்விட்டார் என்றும் மழுப்பாமல், 1983 நவம்பரில் ஒரு பகுதியில் உண்மையையே சொன்னார்கள். எல்லோருக்கும் படம் வரைந்துகொண்டு வரும் பெரிய மஞ்சள் பறவை, ஹூப்பரின் படத்தை மட்டும் கொடுக்க ஆளில்லாமல் நிற்கிறது. ஏன் இப்படி ஆக வேண்டும் என்று கேட்கிறது. ‘அப்படித்தான்’ என்பதற்குமேல் பெரியவர்களிடம் பதில் இல்லை.

எங்கே சொதப்புகிறது

அழ வைக்க எடுத்துச் சிரிக்க வைத்த படங்களைப் பிரித்துப் பார்த்தால் பழுது பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் இருக்கிறது. முதலாவது, அவசரமாக வரும் இசை. நடிகர் முகம் மாறுவதற்கு முன்பே வயலின் தொடங்கிவிட்டால், பார்ப்பவர் ‘ஓ, இங்கே அழணுமா’ என்று சுதாரித்துக்கொள்கிறார். சுதாரித்தவர் அழமாட்டார். இசை முகத்துக்குப் பின்னால் வர வேண்டும், அல்லது வராமலே இருக்க வேண்டும்.

அடுத்தது துன்பங்களை அடுக்குவது. முதல் விபத்துக்கு மனம் கனக்கும், இரண்டாவதற்குக் கதாசிரியரின் கை தெரியும், மூன்றாவதற்குச் சிரிப்பு வரும். தினமும் ஒளிபரப்பாகும் நெடுந்தொடர்களில் யாரோ எப்போதும் அழுதுகொண்டே இருந்தாலும் நமக்கு ஒன்றும் ஆகாமல் இருப்பது இதனால்தான். அழுகைக்குப் பக்கத்தில் சிரிப்பு இருந்தால்தான் அதன் ஆழம் தெரியும். ‘அப்’ படத்தில் உண்டியல் உடைவது முதல் தடவை வேடிக்கையாகவே இருக்கும்.

பிறகு, சாகும் ஆளைத் தெய்வமாக்கிவிடுவது. குறையே இல்லாத ஒருவரை இழப்பது சிலையை இழப்பதுபோல. முணுமுணுப்பவர், சூதாடுபவர், வாக்குத் தவறியவர் இறந்தால் மனம் அதிகம் அலைக்கழிகிறது. திட்டியதற்கு மன்னிப்புக் கேட்க ஆள் இல்லாமல்போகிறது. கடைசியாக, காட்சியைச் சீக்கிரம் வெட்டிவிடுவது. சேதி வந்ததும் அடுத்த காட்சிக்குத் தாவினால் கண்ணீர் வெளிவர நேரமே இல்லை. சேதிக்குப் பிறகு வெறுமனே நடக்கிற சில நொடிகள் வேண்டும்: யாரோ பாத்திரம் கழுவுவது, கதவு திறந்தே கிடப்பது.

பார்ப்பதற்குச் சில குறிப்புகள்

இத்தகைய படங்கள் வேலை செய்வது மௌனத்தில். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினால் முதலில் சாவது அந்த மௌனம். போனை வேறு அறையில் வையுங்கள். உம்பர்டோவின் கை திரும்புவது ஒரு நொடி, அந்த நொடியில் குனிந்திருந்தால் படமே போயிற்று. மொழிமாற்றுக் குரலைவிட மூலக் குரலோடு எழுத்துகளைப் படிப்பது நல்லது. குரல் தழுதழுப்பதும் மூச்சு தடுமாறுவதும் மொழி தெரியாமலே புரியும், ஆனால் டப்பிங்கில் அவைதான் முதலில் காணாமல்போகும்.

துணையோடு பார்ப்பதற்கும் பயன் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் ராபின் டன்பர் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், மனதை உலுக்கும் தொலைக்காட்சிப் படம் ஒன்றைச் சேர்ந்து பார்த்தவர்களுக்கு, சாதாரண ஆவணப்படம் பார்த்தவர்களைவிட வலி தாங்கும் சக்தியும் கூட இருந்தவர்கள்மீது ஒட்டுதலும் கூடியிருந்தன. வலியை அளக்க அவர்கள் கையாண்ட வழி, சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமல் உட்கார்ந்த நிலையில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று பார்ப்பது.

அழுதால் மனம் லேசாகும் என்பது பாதி உண்மை. 2015இல் வெளியான இன்னோர் ஆய்வில் 60 பேருக்கு ‘லைஃப் இஸ் பியூட்டிஃபுல்’, ‘ஹாச்சி’ படங்களைக் காட்டினார்கள். படம் முடிந்த கையோடு அழுதவர்களின் மனநிலை தாழ்ந்திருந்தது. 20 நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்தது. 90 நிமிடத்தில் படத்துக்கு முன் இருந்ததைவிட மேலே போயிருந்தது. ஆகவே படம் முடிந்ததும் விளக்கை அணைத்துப் படுத்துவிடாதீர்கள். தூங்கப் போவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பாவது முடியும்படி தொடங்குவது கெட்டிக்காரத்தனம்.

சமீபத்தில் யாரையாவது இழந்தவர் இழவு வாசலைத் தவிர்த்து, ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ போல வேறு வாசலில் தொடங்கலாம். வளர்த்த நாயைப் பறிகொடுத்தவருக்கு ‘ஹாச்சி’ இப்போதைக்கு வேண்டாம். பழக்கமில்லாதவர் ‘அப்’பில் தொடங்கி, பிறகு ‘மூன்றாம் பிறை’, அதன்பின் ‘டோக்கியோ ஸ்டோரி’ என்று போகலாம். கடைசியில் சொன்னது முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். ‘க்ரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’ கடைசிக்கு. கார்ட்டூன்தானே என்று சின்னக் குழந்தைகளோடு உட்கார்ந்துவிட வேண்டாம். ஒன்றரை மணி நேரம்தான். இரண்டாம் முறை பார்க்கத் துணிந்தால் முதல் சில நிமிடங்களிலேயே கண் கலங்கிவிடும்: அந்தத் தகர டப்பாவை அப்போதே யாரோ புல்வெளியில் தூக்கி எறிகிறார்கள், மூடி திறந்துகொள்கிறது.